காடைப் பள்ளத்தாக்கின் மெம்பர்

ரிச்சர்ட்சன், டெக்சஸ்
அக்டோபர் 3, 1983

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையில் நான் சுகம். இருமல் மட்டும் கலிஃபோர்னியாவிலிருந்து டிக்கெட் இல்லாமல் என்னோடு ஏறி வந்துவிட்டது. நீயும் ஜூடித்தும் சுகமா? பிள்ளை என்னைத் தேடுகிறாளா?

ஞாயிற்றுக்கிழமைதான் ஃபோனில் பேசினோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் கேன்யனில் பார்ட்டி லைன், நாலைந்து வீட்டுக்கும் ஒரே ஃபோன் கம்பி. நான் "சாப்டியா" என்று கேட்பதற்குள் மேல்வீட்டு மிஸஸ் டாலி ரிசீவரை எடுத்து மூச்சு விடுகிறார். அவருக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனாலும் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டியிடம் என்னத்தைப் பேச? உம் கொட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். நீயும் "இவர் பேசவே மாட்டார்" என்று வருத்தப்படுகிறாய். அதனால் இனிமேல் கடிதம்.

இந்த ஊரில் மலை என்ற பேச்சே இல்லை. வானம் நாலு பக்கமும் இறங்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறது. வேலை நல்ல வேலை. ஃப்ரீமாண்ட் ஆபீஸை மூடியபோது அடுத்த வேலை எங்கே என்று இருந்ததே, அந்தக் கவலை இனி இல்லை. வெள்ளிக்கிழமை கிருபைராஜ் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம். நம் பக்கத்து ஆட்கள்தான். ஜெபம் கொஞ்சம், சாப்பாடு நிறைய.

கிறிஸ்துமஸுக்குள் நீங்கள் இருவரும் இங்கே வந்துவிட வேண்டும். ஜனவரியில் ஜூடித்தை இங்கே ஸ்கூலில் சேர்த்துவிடலாம். வீட்டு முன்னால் 'ஃபார் சேல்' போர்டு நடச் சொல்லி ஏஜெண்டிடம் பேசிவிட்டேன். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நல்லபடியாகக் காட்டு.

உன்
ஜீவரத்தினம்


க்வெயில் கேன்யன், லிவர்மோர்
அக்டோபர் 14, 1983

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் இருவரும் நல்ல சுகம். இருமலுக்கு மிளகைத் தட்டிப் போட்டு பால் குடியுங்கள். தட்ட ஒன்றும் இல்லையென்றால் ஒரு தம்ளர் அடிப்பாகம் போதும்.

போர்டு நட்டாகிவிட்டது. காலையில் இரண்டு மான் வந்து அதை மோந்து பார்த்துவிட்டுப் போயின. வேறு யாரும் வரவில்லை.

போன வாரம் ஃபயர் ஸ்டேஷனில் கூட்டம். பழைய பாலத்துக் கதைதான். போன மழையில் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனதிலிருந்து பலகையைப் போட்டு நடக்கிறோம். ஸ்கூல் பஸ் அக்கரையிலேயே நின்றுவிடுகிறது. புது மேப்பில் சட்டசபைத் தொகுதிக் கோட்டை நம் ஓடை வழியாக இழுத்துவிட்டார்களாம். இக்கரை ஒரு மெம்பருக்கு, அக்கரை இன்னொருவருக்கு. பாலம் யாருடையது என்று கேட்டால் இவர் அவரைக் காட்டுகிறார், அவர் இவரைக் காட்டுகிறார். கேன்யன்காரர்களுக்குக் கோபம் வந்து, நீங்களும் வேண்டாம், அவரும் வேண்டாம், எங்களுக்கு நாங்களே ஒரு மெம்பரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

இந்த மெம்பருக்குச் சபையில் ஆசனம் கிடையாது. சம்பளம் கிடையாது. ஜனவரியில் சபை கூடும் அன்று சாக்ரமெண்டோ போய், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கான மாடத்தில் உட்கார்ந்து, கீழே பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இங்கே குடியிருக்கிற எல்லாருக்கும் ஓட்டு உண்டு. சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை.

ஆட்டுப்பண்ணை சில்வா நின்றார். தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிற குடும்பம். எதிர்த்து ஆளில்லாவிட்டால் அது எலெக்‌ஷனே இல்லை என்று ஒருவர் சொல்ல, மிஸஸ் டாலி சும்மா இருக்காமல் "ஜேயா!" என்று என்னைக் காட்டிவிட்டார். நம் மகள் எழுந்து "ஐ செகண்ட் இட்" என்கிறாள்! வேண்டாம் என்று சொல்லத்தான் நான் எழுந்தேன். எழுந்ததும் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். கைதட்டலுக்குப் பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கிறிஸ்துமஸ் வரைக்கும்தானே என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள்
ஜெயா


ரிச்சர்ட்சன்
அக்டோபர் 22, 1983

மாண்புமிகு வேட்பாளர் ஜெயகுமாரி அம்மாள் அவர்களுக்கு,

அடியேன் நலம். தங்கள் நலமும் தொகுதி மக்கள் நலமும் அறிய ஆவல். பால் குடித்தேன். மிளகைச் செருப்பால் தட்டினேன் (கழுவிய செருப்பு).

ஆபீஸில் தனியாகச் சிரித்தேன், ஜெயா. ரத்தம் எங்கே போகும்? நம் ஊர்ச் சர்ச்சுச் சேகரக் கமிட்டி எலெக்‌ஷனில் உங்கள் அப்பாவும் என் அப்பாவும் எதிரெதிராக நின்று, கோவிலுக்குள் இந்தப் பக்க பெஞ்சுக்காரர்கள் அந்தப் பக்க பெஞ்சுக்காரர்களோடு பேசாமல், பண்டிகைக்குப் பலகாரத் தட்டுகூடப் போகாமல் இருந்த வருஷங்களை மறந்துவிட்டாயா? நம் கல்யாணமே ஒரு சமாதான ஒப்பந்தம்தானே. எலெக்‌ஷன் என்றால் ஒரு மைல் தள்ளி ஓடுகிறவள் நீ. ஆசனமே இல்லாத பதவிக்கு உனக்கு ஆசை வந்ததுதான் வேடிக்கை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஜெயித்தால் கிறிஸ்துமஸுக்கு எப்படி வருவாய்? சபை கூடுவது ஜனவரியில். மெம்பர் அங்கேயே குடியிருக்க வேண்டாமா? விளையாட்டாகப் போட்டியிட்டு விளையாட்டாகத் தோற்றுவிட்டு வந்து சேர். சில்வா பாவம், பெரியவர்.

வீடு பார்க்க யாராவது வந்தார்களா? நீ எழுதவில்லையே.

ஜீவரத்தினம்


க்வெயில் கேன்யன்
நவம்பர் 4, 1983

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் தயவில் சுகம். ஜூடித்துக்குச் சளி பிடித்துப் போய்விட்டது. காலையில் பனி இறங்கினால் ஓடையும் பலகையும் தெரிவதில்லை. பிள்ளை பனிக்குள் நடந்து போவது தண்ணீர்மேல் நடக்கிறமாதிரி இருக்கிறது. அக்கரையிலிருந்து அவள் "ஓகே மா" என்று குரல் கொடுக்கும்வரை எனக்கு உயிர் இருப்பதில்லை.

ஓட்டுக் கேட்கப் போனேன். இங்கே யாரும் அப்படிப் போவதில்லையாம். ஒரு பேப்பரை ஒட்டிவிட்டுச் சும்மா இருப்பார்களாம். எனக்குத் தெரிந்தது நம் ஊர் முறைதான். முதலில் எதிர்த்து நிற்கிறவர் வீட்டுக்குப் போய் அவர் ஓட்டைக் கேட்க வேண்டும். அப்பா அப்படித்தானே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு முதலில் உங்கள் வீட்டுப் படியேறுவார்? உங்கள் அப்பாவும் "உங்களுக்கில்லாமலா" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டுத் தனக்கே போட்டுக்கொள்வார்.

அச்சு முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு சில்வா வீட்டுக்குப் போனேன். கைகூப்பி, "மிஸ்டர் சில்வா, நீங்க எனக்கு ஓட்டுப் போடணும்" என்றேன். மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இந்தக் கேன்யனில் பிறந்து வளர்ந்தவராம். இதுவரை ஒருத்தரும் அவர் வாசலில் வந்து நின்று எதையும் கேட்டதில்லையாம். அழுகிறமாதிரி ஆகிவிட்டார், அத்தான். "கண்டிப்பா உனக்குத்தான்" என்றார். சும்மா சொல்வதுபோல் இல்லை. காபி கொடுத்தார். நான் என்ன செய்வேன்? "என் ஓட்டு உங்களுக்கு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் போனேன். கதவைத் திறக்கிறவர்கள் முகம் முதலில் சுருங்குகிறது. கேட்டதும் விரிகிறது.

வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். நல்ல மாதிரி. மழைக்காலத்தில் ஓடை எதுவரை வரும் என்று கேட்டார்கள், காட்டினேன். பிறகு வரவில்லை.

இத்துடன் உங்கள் ஓட்டுச்சீட்டு. தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறவரை நீங்களும் கேன்யன்காரர்தான் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். மனதுக்குச் சரியென்று படுகிறவருக்குப் போடுங்கள்.

உங்கள்
ஜெயா


ரிச்சர்ட்சன்
நவம்பர் 12, 1983

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஸ்தோத்திரம். இருமல் விட்டது. ஜூடித் சளிக்கு ஆவி பிடிக்க வை.

ஓட்டைத் தபாலில் சேர்த்துவிட்டேன். போட வேண்டியவருக்குப் போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை வேறு வேலையில்லாமல் காரை எடுத்துக்கொண்டு சும்மா ட்ரைவ் பண்ணினேன். ரோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வளைவு வராதா என்று இருந்தது. அபார்ட்மெண்ட்டில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் சாப்பிட்டு, இன்னொன்றால் மூடுகிறேன்.

ஏஜெண்ட் ஃபோன் பண்ணினார். ஓடையைக் காட்டினாயாமே. கேட்டால் சொல்ல வேண்டியதுதான், நீ இறங்கி நின்று முழங்கால் அளவெல்லாம் காட்ட வேண்டுமா?

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போடட்டுமா? எழுது.

ஜீவரத்தினம்


க்வெயில் கேன்யன்
நவம்பர் 23, 1983

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இருமல் விட்டது கேட்டு ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

நான் ஜெயித்துவிட்டேன். கொஞ்சம் ஓட்டுத்தான் வித்தியாசம்.

ஃபயர் ஸ்டேஷனில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் நாற்காலி போட்டு எண்ணினார்கள். சில்வா எனக்குக் கைகொடுத்துவிட்டுத் தன் தொப்பியை எடுத்து ஜூடித் தலையில் வைத்தார். பிள்ளைக்குக் கண் மறைந்துவிட்டது. மிஸஸ் டாலி ஆப்பிள் பை பண்ணிக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் என்னை "மெம்பர், மெம்பர்" என்றார்கள். வெளியே வந்தபோது மலைமேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. புல் மஞ்சளாக, ஆடுகள் அதற்குள் வெள்ளையாக. எனக்கு நிஜமாக ஏதோ கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் தெரிந்தது.

தபாலில் வந்த ஓட்டு ஒன்றே ஒன்று. டெக்சஸ் முத்திரை. அதையும் எல்லார் முன்னாலும் பிரித்து உரக்க வாசித்தார்கள். இங்கே அப்படித்தான் வழக்கமாம்.

குளிருக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். நீலக் கலர்.

ஜெயா


ரிச்சர்ட்சன்
டிசம்பர் 9, 1983

அன்புள்ள ஜெயா,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஸ்வெட்டர் வந்தது. அளவாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ ஒன்றும் கேட்கவில்லை. மிஸஸ் டாலிகூட மூச்சு விடவில்லை. அவருக்கும் என்மேல் கோபம் போலிருக்கிறது.

ஆமாம், சில்வாவுக்குத்தான் போட்டேன். உரக்க வாசிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று எழுத வருகிறது, ஆனால் அது பொய். நீ தோற்றால் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் அரசியல். சாயங்காலம் கதவைத் திறந்தால் லைட்டை நானே போட வேண்டியிருக்கிறது, ஜெயா. எனக்கு உன்னைத் தேடுகிறது. பேனாவை எடுத்தபோது உன் பெயரைத் தொட்டுவிட்டு, கீழே இருந்த பெயருக்கு மார்க் பண்ணினேன்.

ஊர் சிரித்ததா?

ஜீவா


க்வெயில் கேன்யன்
டிசம்பர் 17, 1983

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம்தான். கோபமும் இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை.

ஊர் சிரிக்கவில்லை. சீட்டை வாசித்ததும் எல்லாரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். ஜூடித் மட்டும் "டாட் மேட் எ மிஸ்டேக்" என்று உரக்கச் சொன்னாள். நான் ஜெயித்த சந்தோஷத்தில் பாதி அந்த இடத்தில் போய்விட்டது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? என் ஓட்டையும் சில்வாவுக்குத்தான் போட்டேன். காபி குடித்து வாக்குக் கொடுத்த பிறகு மாற்றிப் போட்டால் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார். சில்வா சொன்னபடி எனக்குப் போட்டாராம். ஆக நம் வீட்டு ஓட்டு இரண்டும் எனக்கு விழவில்லை. எதிரி வீட்டு ஓட்டு விழுந்தது. இதை நினைத்து நேற்று பாத்திரம் கழுவும்போது வாய்விட்டுச் சிரித்தேன்.

சபை கூடுகிறவரை நான் இங்கே இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வாருங்கள். ஜூடித் இப்போதே உங்கள் தட்டை எடுத்து மேஜையில் வைத்திருக்கிறாள்.

ஜெயா


க்வெயில் கேன்யன்
ஜனவரி 8, 1984

அன்புள்ள அத்தானுக்கு,

புது வருஷத்திலும் ஆண்டவர் நம்மை நடத்துவாராக. ஐஸில் உங்கள் ப்ளேன் நின்றுபோனது யாருடைய குற்றமும் இல்லை. ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்து பண்டிகை கழித்தீர்களே, அதை நினைத்தால்தான் பொறுக்கவில்லை. குளிர் குறைந்ததா?

சாக்ரமெண்டோ போய் வந்தோம். சில்வாவின் பிக்-அப்பில் நான், நடுவில் ஜூடித். மலையைத் தாண்டிக் கீழே இறங்கியதும் பனி மூடிவிட்டது. நம் மலைப் பனி இல்லை. அந்தச் சமவெளிப் பனி தரையிலிருந்து எழுந்து நிற்கிறது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு இரண்டு மட்டும் தெரிந்தது. ரோடு இல்லை, வயல் இல்லை, வானம் இல்லை. சில்வா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். ஜூடித் தூங்கிவிட்டாள். நாம் எங்கும் போகவில்லை, ஊர்தான் மெல்ல மெல்ல நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. கல்யாணத்துக்கு வாங்கிய நீலப் பட்டு கட்டியிருந்தேன், மேலே கோட்டு.

சபை முழுக்கப் பச்சை. பச்சைக் கம்பளம், பச்சைத் திரை. ஆழமான குளத்தை மேலிருந்து பார்க்கிறமாதிரி. கீழே நிஜ மெம்பர்கள் தோளைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய பலகையில் எல்லார் பெயரும், பக்கத்தில் சின்ன விளக்குகளும். நம் பெயர் இருக்காது என்று தெரியும். ஆனாலும் தேடினேன்.

பெயர் கூப்பிட ஆரம்பித்ததும் எழுந்து நின்றேன். காவலாள் ஒருவர் குனிந்து வந்து "மேடம், உட்காருங்கள்" என்றார். நான் உட்காரவில்லை. சில்வா எழுந்தார். ஜூடித்தும் எழுந்தாள். காவலாள் எங்களைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், சுவரோரம் போய் நின்றுகொண்டார். ஒவ்வொரு பெயராகப் போயிற்று. கீழே ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெயர்கள் முடிந்ததும் நாங்கள் உட்கார்ந்தோம். அவ்வளவுதான் நடந்தது.

அப்புறம் இரண்டு மெம்பர் ஆபீஸுக்கும் போய் மனுக் கொடுத்தோம். இரண்டு இடத்திலும் "பார்க்கலாம்" என்றார்கள். நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் "பார்க்கலாம்" இங்கேயும் இருக்கிறது.

திரும்பி வரும்போது ஏனோ அழுகை வந்தது. துக்கம் இல்லை. அங்கே நிற்கும்போது ஒன்று புரிந்தது, அத்தான். மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

கல்யாணம் முடிந்து பம்பாய் என்றீர்கள், வந்தேன். பம்பாயிலிருந்து நியூ ஜெர்ஸி என்றீர்கள், வந்தேன். அங்கே ஒரு வீடு பழகி, சர்ச் பழகி, கடைக்காரன் பெயர் பழகினபோது கலிஃபோர்னியா என்றீர்கள். இப்போது டெக்சஸ் என்கிறீர்கள். எங்கேயும் எனக்கு நீங்கள் குறை வைத்ததில்லை. நல்ல மனிதர் நீங்கள். ஆனால் ஒருமுறைகூட "வர்றியா ஜெயா" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, கேட்கப்படுகிற முகம் எப்படி இருக்கும் என்று. என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜெயா


ரிச்சர்ட்சன்
மார்ச் 19, 1984

அன்புள்ள ஜெயாவுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம் என்று ஃபோனில் தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன். உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதவில்லை என்று சொல்ல முடியாது, எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியது சண்டை. அடுத்தது சமாதானம். அப்புறம் எழுதியதெல்லாம் சம்பளம், இன்ஷூரன்ஸ், ஸ்கூல். எல்லாம் நியாயம்தான். ஒன்றிலும் கேள்வி இல்லை என்பதைக் கடைசியில்தான் கவனித்தேன்.

கிருபைராஜ் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன், "டெக்சஸுக்கு வரும்போது அக்காகிட்ட கேட்டீங்களா?" என்று. அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுடே" என்றார்.

ஈஸ்டருக்கு வருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. ஆனாலும் கதவைத் தட்டுகிறேன்.

ஜீவா


ரிச்சர்ட்சன்
ஏப்ரல் 27, 1984

என் அன்புள்ள ஜெயாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளியோதரையை ப்ளேனிலேயே காலி செய்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் என்னவோ.

வாடகைக் காரை அக்கரையில் விட்டுவிட்டு, பலகைமேல் நடந்து வரும்போது கேள்வியை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன். இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவளிடம் கேட்க ஒத்திகை! கதவைத் தட்டினேன். நீ கையில் கரண்டியோடு திறந்தாய். உன் அப்பா என் அப்பா வீட்டு வாசலில் நின்றதுபோலவே கைகூப்பிக்கொண்டு, "ஜெயா, என்கூட டெக்சஸுக்கு வர்றியா?" என்றேன்.

நீ ஆமாம் என்பாய் என்று நினைத்துத்தான் வந்தேன். கேட்டிருந்தால் ஆமாம் சொல்லியிருப்பேன் என்று நீதானே எழுதியிருந்தாய். நீ என்னை ரொம்ப நேரம் பார்த்தாய். அப்புறம் "மாட்டேன் அத்தான்" என்றாய். சொல்லிவிட்டு நீயே பயந்துபோனாய். "காபி போடுறேன், உள்ள வாங்க" என்றாய்.

நான்கு நாளும் அதைப் பற்றி நான் பேசவில்லை. நீயும் பேசவில்லை. கேட்டவன் பதிலுக்குக் கட்டுப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது கேள்வியே இல்லை. பாலத்துக்காக இரண்டு மெம்பரும் தனித்தனியாக அனுப்பி ஓடைக்கரையில் நின்ற அந்த இரண்டு சர்வே ஆட்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோமே, இக்கரையில் ஒருவன், அக்கரையில் ஒருவன், ஆளுக்கொரு முக்காலி வைத்து அளந்துகொண்டு, ஒருவருக்கொருவர் குட் மார்னிங்கூடச் சொல்லாமல். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். 

ப்ளேனில் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் கல்யாணத்திலிருந்து நீ என்னிடம் சொன்ன முதல் "மாட்டேன்" இதுதான் என்று அப்புறம் உறைத்தது. அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அழகாக இருந்தாய், ஜெயா. என்னை வேண்டாமென்று சொல்கிறவளை இவ்வளவு பிடிக்குமா ஒருவனுக்கு!

ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். பழைய ஆபீஸ் வெங்கடகிருஷ்ணன் ஃபோன் பண்ணினார். ஃப்ரீமாண்டில் புதுக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், சம்பளம் இங்கேயைவிடக் குறைவு. "யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் உன்னைக் கேட்டதில்லை என்றாய், சரி. நீ என்னைக் கேட்டிருக்கிறாயா? செப்டம்பரில் நான் கிளம்பியபோது பெட்டியை எடுத்துக் கொடுத்து "பத்திரம்" என்றாய். "போகணுமா" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. படி என்றார்கள், படித்தேன். போ என்றார்கள், போனேன். என்னையும் யாரும் கேட்டதில்லை.

ஜூடித்துக்கு என் முத்தம்.

உன்
ஜீவா


க்வெயில் கேன்யன்
மே 8, 1984

என் அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்காக இரண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபித்தோம். மலைப்புல் இன்னும் பச்சையாக இருக்கிறது, சில்வா வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. சொன்னது சரி. பெட்டியை எடுத்துக் கொடுத்ததுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. கேட்காமல் இருந்தது ஞாபகம் இல்லை. போகிறவரைத் தடுக்கக் கூடாது என்றுதானே நமக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலேயே கேட்டுவிட நினைத்தேன். மிஸஸ் டாலி மூச்சு விட்டால் விடட்டும் என்று தைரியம் பண்ணிக்கொண்டேன். "ஹலோ" என்று உங்கள் குரல் வந்ததும் ஜூடித் ஸ்கூலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். ஊரெல்லாம் போய் ஓட்டுக் கேட்டவள், சொந்தப் புருஷனிடம் கேட்க நடுங்குகிறேன். அதனால் எழுதுகிறேன். மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு. சொன்னால் நான் கட்டுப்படுவேன்.

எங்களோடு இருக்க வர்றீங்களா, அத்தான்?

ஜெயா